ஓட்டையைச் சுற்றி ஒரு கையெழுத்து

நாலாயிரத்து எண்ணூற்று எண்பது. பொறுமை என்கிற சுமைக்காரன் இசைத்தட்டுக் கடை முதலாளிக்குக் கொடுக்க வேண்டிய தொகை அது. பத்தொன்பது வாரம் கூலியில் இருநூற்றைம்பது பிடிப்பது, இருபதாவது வாரம் நூற்று முப்பது பிடித்துக் கணக்கை முடிப்பது என்று முதலாளி நீல நோட்டில் எழுதினார். கீழே அவனும் கையெழுத்துப் போட்டான்.

வாங்கிச் செலவழித்த கடன் இல்லை அது. உள்ளங்கையை விரித்தால் கொஞ்சம் வெளியே தெரிகிற அளவுக்கு ஒரு கறுப்பு இசைத்தட்டு. அதை உடைத்ததற்கான விலை.

அவசரப்படுத்துகிறவர்களிடமெல்லாம் "பொறுமை, பொறுமை" என்று சொல்லிச் சொல்லியே அவனுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இருபத்தாறு வருஷமாகப் பீரோ, கட்டில், கண்ணாடி மேசை என்று மாடிப்படி ஏற்றி இறக்கியவன். ஒரு கீறல் விழுந்ததில்லை. அன்றைக்கு மழை வருகிறது என்று முதலாளி கத்தினார். அவனும் ஓடினான். தோளில் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டி சரிந்து, மேசைமேல் உறையோடு கிடந்த தட்டின்மேல் முனை குத்தி உட்கார்ந்தது. உள்ளே 'சடக்' என்றது.

முதலாளி திட்டவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. முக்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். பெரிய மனுஷன் அழுகிறாரா, தும்மல் வருகிறதா என்று முதலில் புரியவில்லை. அழுதார்தான்.

கொஞ்சம் தெளிந்த பிறகு அவன் மெல்லக் கேட்டான்.

"ரெண்டே பாட்டு இருக்கற தட்டுக்கு இவ்வளவு விலையா முதலாளி?"

"ரெண்டே பாட்டுன்னு சொல்லாதப்பா. இந்தப் பின்பக்கத்துப் பாட்டு அவங்க வேற எந்த ஆல்பத்துலயும் கிடையாது. அம்பது வருஷத்துக்கு முன்னால அந்த ராக் குழு முதன்முதலா வெளியிட்ட சிங்கிள். அடிச்சதே ஐந்நூறுதான்."

"கடை வாசல் பெட்டியில, உறையில இதே கதவுப் படம் போட்ட தட்டு அறுபதுக்குக் கிடக்கே?"

"அது மறுபதிப்பு. போன வருஷம் அடிச்சது."

"பார்க்க ஒண்ணாத்தானே இருக்கு?"

"ஒண்ணாத்தான் இருக்கும். உறை, லேபிள், லேபிள்ல இருக்கற வருஷம், எல்லாம் அப்படியே. ஆனா பாட்டு முடிஞ்சு ஊசி சும்மா சுத்துற இடம் இருக்கு பாரு, லேபிளை ஒட்டி. அங்க முதல் பதிப்புல, தட்டு அடிக்கறதுக்கான மூல அச்சை வெட்டினவன் தன் கையாலயே எண்ணைக் கீறியிருப்பான். மறுபதிப்புல மெஷின் எழுத்து. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கு நாலாயிரத்து எண்ணூற்று இருபது. பொறுமைக்குத் தலை சுற்றியது.

உடைந்த துண்டுகளை உறையோடு அவன் கையிலேயே கொடுத்தார் முதலாளி. "நீயே வெச்சுக்க. காசு கட்டப்போறவன் நீதானே."

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சட்டை தைக்கும் கம்பெனியில் பொத்தான் தைக்கிறவள் அவள். எண்ணிக்கைக்குத்தான் கூலி. கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, காதில் நூல் கட்டி மாட்டியிருந்தாள். ஒரு பக்கக் கண்ணாடியில் விரிசல் வேறு. நாளுக்கு இருநூறு பொத்தான் தைத்த கை நூற்று நாற்பதுக்கு இறங்கிவிட்டது. புதுக் கண்ணாடிக்கு எடுத்துவைத்த பணம்தான் இப்போது வாராவாரம் தட்டுக்கடைக்குப் போகப்போகிறது.

"அந்தப் பாட்டாவது நல்லா இருக்குமாங்க?" என்றாள் கடைசியில்.

அவனுக்கும் அதே கேள்விதான். நாலு வாரத்தில் ஆயிரம் கட்டின பிறகும் அந்தக் கேள்வி முதுகில் அரிப்பு மாதிரி நின்றது. கை எட்டவில்லை. ஐந்தாவது வாரம் வாசல் பெட்டியிலிருந்து அறுபது கொடுத்து மறுபதிப்பை வாங்கினான்.

முதலாளி ரசீது எழுதிக்கொண்டே சிரித்தார். "கேட்டுப் பாரு. வயிறு எரியும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவியும் அவனுமாக அவள் தம்பியின் கடைக்குப் போனார்கள். ரேடியோ, மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி ரிப்பேர் பார்க்கிறவன். யாரோ கொடுத்துவிட்டுத் திரும்பி வராத ரெக்கார்டு பிளேயர் ஒன்று அவனிடம் இருந்தது.

"வாங்க மாமா. லட்சாதிபதி ஆயிட்டீங்களாமே, தட்டெல்லாம் வாங்குறீங்க."

"பேசாம போடுடா மச்சான்."

முன்பக்கம் ஒரே இரைச்சல். யாரோ தகரக் கூரையில் செங்கல் அடுக்குகிற மாதிரி இருந்தது. பின்பக்கம் வேறு மாதிரி. ஒரு கிட்டார், ஒரு குரல். அந்தக் குரலுக்கு உடம்பு முழுக்க வலி, ஆனால் வேலையை முடித்துவிட்டுத்தான் உட்காரும் என்கிற மாதிரி. மொழி புரியவில்லை. மனைவி கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"சரி, இதை உடைச்சதுக்குக் காசு கட்டலாம்" என்றாள்.

பாட்டு முடிந்து ஊசி சும்மா சுற்றியது. பொறுமைக்கு முதலாளி சொன்னது ஞாபகம் வந்தது. மெஷின் எழுத்து எப்படித்தான் இருக்கும் என்று பார்க்கலாமே. தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தான்.

அவன் எழுத்துக் கற்றது நாற்பத்தொரு வயதில். மூட்டை தூக்கிய கைக்குப் பென்சில் கனம் தெரியாது. அழுத்தி அழுத்தி முனையை ஒடித்தான். வரி நேராகப் போகாமல் மலையேறியது. பத்து வருஷம் ஆகியும் அவன் எழுத்து அப்படித்தான். அதனால் இந்தத் தட்டில் பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது. எழுத்துகள் மேலும் கீழுமாக, ஒரு கோடு தடுக்கி விழுந்து, ஓர் எண் மட்டும் ஆழமாக.

"மச்சான், மெஷின் தடுமாறுமா?"

"என்ன மாமா?"

"இது மெஷின் இல்லடா. இதை ஒரு ஆள் அழுத்திக் கீறியிருக்கான்."

மச்சான் கடிகார ரிப்பேருக்கு வைக்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிப் பார்த்தான். பையில் கிடந்த உடைந்த துண்டுகளை மேசையில் சேர்த்து வைத்தார்கள். அந்தத் துண்டுகளில் ஓட்டையைச் சுற்றி எழுத்துகள் சிப்பாய்கள் மாதிரி நேராக நின்றன. ஒன்றுகூடப் பிசகவில்லை.

மச்சான் பூதக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"அப்ப நீங்க உடைச்சது அறுபது. வாங்கினது நாலாயிரத்து எண்ணூத்து எண்பது" என்றான் மச்சான். பிறகு துள்ளினான். "ரசீது இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன மாமா? வேற கடையில வித்து, அந்தக் காசை எடுத்து அந்தாளு கடனைக் கட்டுங்க. அவர் தட்டுக்கு அவர் தட்டாலயே பணம். கேட்கவே எவ்வளவு அழகா இருக்கு!"

பொறுமைக்கும் ஒரு நிமிஷம் அழகாகத்தான் இருந்தது. மனைவியின் காதில் தொங்கிய நூலைப் பார்த்தபோது இன்னும் அழகாக. ஆனால் முக்காலியில் தலையைப் பிடித்து உட்கார்ந்த ஆளும் கண்ணுக்குள் வந்து நின்றார்.

"அவர் அழுதாருடா" என்றான்.

"நீங்களும்தான் நாலு வாரமா அழறீங்க."

மனைவி எழுந்து தட்டை உறையில் போட்டுத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். "அவர் பொருள் நமக்கு வேண்டாம். நம்ம காசும் அவருக்கு வேண்டாம். நாளைக்கு நானும் வரேன். இவரை விட்டா தட்டைக் கொடுத்துட்டுக் கும்பிட்டுட்டு வந்துடுவாரு."

மறுநாள் காலை முதலாளி அப்போதுதான் கடை திறந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். மாதம் ஒருமுறை அது அவர் வழக்கம். உறைகளை ஒரு பக்கம் அடுக்கி, தட்டுகளைச் சோப்பு நீரில் முக்கி, பாத்திரம் காயவைக்கும் கம்பித் தட்டில் வரிசையாக நிறுத்துவார். அதைப் பார்த்ததுமே பொறுமைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தட்டு உடைவதற்கு முன்னாலும் ஒரு நாள் இப்படித்தான் நின்றிருக்கும், கதவுப் படத் தட்டு இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்.

அவன் விஷயத்தைச் சொன்னான். முதலாளி துண்டுகளை லென்ஸில் பார்த்தார். முகம் வெளுத்தது.

"நீ... மாத்தி வெச்சிருக்க மாட்டியே?"

"மாத்தத் தெரிஞ்சவரு நாலு வாரம் காசு கட்டுவாரா?" என்றாள் மனைவி. "கழுவுறப்ப நீங்கதான் உறையை மாத்திப் போட்டிருக்கீங்க. இப்பக்கூடப் பாருங்க, எந்தத் தட்டு எந்த உறையிலன்னு சொல்லுங்க பார்க்கலாம்."

முதலாளி கம்பித் தட்டைப் பார்த்தார். பிறகு உறை அடுக்கைப் பார்த்தார்.

"அந்த... இன்னொண்ணு எங்கம்மா?"

"முதல்ல நோட்டு. அப்புறம் தட்டு."

நீல நோட்டு வந்தது. பிடித்த ஆயிரத்தை முதலாளி எண்ணிக் கொடுத்தார். அவள் கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டு இரண்டு தரம் எண்ணினாள். பிறகுதான் பையைத் திறந்தாள்.

முதலாளி தட்டின் ஓரத்தை மட்டும் பிடித்து, குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கினார்.

"முதலாளி, ஒரு சந்தேகம்" என்றான் பொறுமை. "அங்க என்ன கீறியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்களேன். எண்ணுக்குப் பக்கத்துல இன்னும் ஏதோ இருக்கு."

"கை எழுத்தான்னுதான் பார்ப்போம். படிச்சதெல்லாம் இல்லையே." லென்ஸை வைத்துத் தட்டை மெல்லத் திருப்பினார். உதடுகள் அசைந்தன. நெற்றி சுருங்கியது. பிறகு சிரித்துவிட்டார். "மணி ரெண்டு. இன்னும் சாப்பிடலைன்னு எழுதியிருக்கான்யா."

"யாரு, பாடினவரா?"

"இல்ல, வெட்டினவன். வேலையாளு."

அம்பது வருஷமாகப் பசியோடு இருக்கிற அந்த ஆளை நினைத்துப் பொறுமையும் சிரித்தான். இந்தப் பசிக்குத்தானா இவ்வளவு விலை!

"உடைச்ச மறுபதிப்புக்கு அறுபது நான் தரணும்" என்றான்.

"இதுக்கு நீ கொடுத்த அறுபதை நான் தரணும்."

"அப்ப சரியாப்போச்சு. ஆனா பின்பக்கத்துப் பாட்டை ஒரு தடவை போடுங்க. இவ மறுபடி கேட்கட்டும்."

முதலாளி பாட்டைப் போட்டுவிட்டு நோட்டையும் பேனாவையும் நீட்டினார். "நீயே எழுதிடு."

பொறுமை நாலாயிரத்து எண்ணூற்று எண்பதின் குறுக்கே ஒரு கோடு இழுத்தான். அதன் பக்கத்தில் 'தீர்ந்தது' என்று எழுதினான். அழுத்தி எழுதியதில் எழுத்து அடுத்த பக்கத்திலும் பதிந்திருந்தது.