அத்தான் பக்கம் போட்ட ஓட்டு

பேருந்துப் பணிமனையில் தொலைந்த பொருள் அறைக்கு என்னைத் தள்ளியவர் வேறு யாருமில்லை, என் அக்கா புருஷன்தான். எங்கள் சங்கத்தின் செயலாளர். பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுவது என் வேலையாக இருந்தது. தன் ஆட்களுக்குத் தோதாக அதைக் கடைசி நேரத்தில் மாற்றச் சொன்னவர் அத்தான். பயணிகள் கூச்சல் போட்டதும், எல்லாம் இவள் செய்த குளறுபடி என்று நிர்வாகத்திடம் கைகழுவிவிட்டார். அன்றிலிருந்து குடைகளோடும் ஒற்றைச் செருப்புகளோடும் யாரோ விட்டுப்போன பல்செட்டோடும் என் குடித்தனம். டிக்கெட் கவுன்ட்டரில் இருக்கும் அக்காவோடும் பேச்சை நிறுத்தினேன். அந்த மகராசனின் பெண்டாட்டிதானே!

சங்கத் தேர்தல் வந்தது. அத்தானை எதிர்த்து மெக்கானிக்கும் டிக்கெட் பரிசோதகரும் நின்றார்கள். இந்த முறை அவரை இறக்காவிட்டால் நான் மனுஷியே இல்லை என்று எக்செல்லைத் திறந்தேன்.

எங்கள் ஓட்டுச்சீட்டில் பிடித்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு என்று எண் போட வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் கடைசியில் இருப்பவர் வெளியே. அவருடைய சீட்டுகள், அவற்றில் இரண்டு வாங்கியவருக்குப் போகும். யார் மனதில் யார் என்று அறிவது எனக்குப் பெரிய காரியமில்லை. கிடந்த பொருளைக் கொடுக்க வரும் கண்டக்டரின் வாயைக் கொஞ்சம் கிளறினால் போதும், கொட்டிவிடுவான்.

அத்தானுக்கு முப்பத்தெட்டு, மெக்கானிக்குக்கு இருபத்தெட்டு, பரிசோதகருக்கு இருபத்துநாலு. பரிசோதகர் முதலில் வெளியேறினால் அவர் ஆட்கள் பெரும்பாலும் அத்தான் பக்கம் சாய்வார்கள், அத்தான் ஜெயித்துவிடுவார். மெக்கானிக் வெளியேறினால்? அவர் ஆட்கள் அத்தான் பேச்சை எடுத்தாலே காறித் துப்புகிறவர்கள். அத்தனையும் பரிசோதகருக்கு. அத்தான் அம்போ!

ஆக, நான் ஆதரிக்கும் மெக்கானிக்கை நானே கவிழ்க்க வேண்டும். என் வீட்டுக்காரர் டிரைவர். அந்தப் பரிசோதகர் ஒருமுறை அவர்மேல் புகார் எழுதியவர். அவனுக்கு ஒன்று போடுவதற்குப் பதில் கையை வெட்டிக்கொள்வேன் என்று குதித்தார். அத்தான் முகத்தை நினைத்துக்கொண்டு போடுங்கள் என்றேன். ஒத்துக்கொண்டார்.

எங்கள் இரண்டு ஓட்டும் மாறினால் மெக்கானிக்குக்கும் பரிசோதகருக்கும் இருபத்தாறு, சமம். சமமானால் பணியில் இளையவர் வெளியேற வேண்டும் என்பது சங்க விதி, இளையவர் பரிசோதகர். இன்னும் ஒரே ஒரு ஓட்டு. வெளியே கேட்டால் விஷயம் மெக்கானிக் காதுக்குப் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

உணவுக்கூடத்தில் வைத்து எண்ணினார்கள். மெக்கானிக் இருபத்தாறு, பரிசோதகர் இருபத்தேழு, அத்தான் முப்பத்தேழு. மெக்கானிக்கின் கட்டைப் பிரித்து அடுக்க அடுக்க, பரிசோதகரின் பக்கம் உயர்ந்துகொண்டே போனது. அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது. கைதட்டினேன், அவர் திரும்பிப் பார்க்கும்வரை தட்டினேன்.

மறுநாள் அக்கா என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"உங்க அத்தான் அனுப்பினார். முப்பத்தெட்டு பேரை எண்ணி வெச்சிருந்தாராம். எவனோ ஒருத்தன் காலை வாரிட்டான், உன் தங்கச்சி கணக்கு போட்டிருப்பா, எவன்னு கேட்டுட்டு வான்னார்."

"அதுக்குத்தான் வந்தியா?"

அவள் குடைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். "என்னை எந்தப் பக்கம் போட்டிருந்தே?"

"அத்தான் பக்கம்."

"கேக்காமலேயே போட்டுட்ட. அட்டவணையை மாத்தச் சொன்னதே நான்தான்னு வீட்டுல சிரிச்சுக்கிட்டே சொன்னாருடி. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

வந்த கண்டக்டரையெல்லாம் கேட்டவள், கூடப்பிறந்தவளைக் கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவர்கிட்ட என்ன சொல்லட்டும்?" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நான் தேடிக்கிட்டிருக்கேன்னு சொல்லு. அவரையும் தேடச் சொல்லு."

"சரி, சாப்பாடு போடும்போது சொல்றேன்" என்று எழுந்தாள்.