ஒன்பதாம் நம்பர், இனாம் விமானம்

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் கடையில் போனஸ் கொடுப்பது சண்முகவேலின் வழக்கம். அருப்புக்கோட்டையில் அவருக்கு மிளகாய் வத்தல், மல்லி கமிஷன் கடை. அன்று காலையில் குளித்து விபூதி பூசிக் கல்லாவில் உட்காருவார். பேர் சொல்லிக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு கவர், ஒரு வேட்டியோ சேலையோ, ஒரு கிலோ மிச்சர் என்று கையில் கொடுப்பார். எடை போடும் மாரிச்சாமிதான் எப்போதும் முதல் ஆள். இந்த வருஷம் வரிசையின் கடைசியில், வத்தலுக்குக் காம்பு கிள்ளும் பெண்களுக்குப் பின்னால், சண்முகவேலின் மகள் தங்கச்செல்வியும் வந்து நின்றாள்.

"நீ என்னத்தா இங்க நிக்கிற? அந்த மிச்சர் பொட்டலத்தை எடுத்துக் குடு."

"எல்லாருக்கும் குடுத்துட்டேம்ப்பா. இப்ப எனக்குக் குடுங்க."

"உனக்கு எதுக்கு போனஸு? கடையே உனக்குத்தான?"

"கடை எனக்குன்னா சாவியக் குடுங்க. இல்லைன்னா கவரக் குடுங்க."

காம்பு கிள்ளும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆறு வருஷமாக பில் போடுவதும், ஜி.எஸ்.டி. கட்டுவதும், பாக்கிக்காரர்களுக்குக் கடிதம் எழுதுவதும் தங்கச்செல்விதான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மாரிச்சாமி தொண்டையைச் செருமினார்.

"மொதலாளி, பிள்ளை எடை சரியாத்தான் போடுது."

சண்முகவேல் அவரை ஒரு முறை முறைத்துவிட்டு ஆறாயிரத்தை எண்ணிக் கவரில் போட்டார். "கம்மலுக்குச் சேத்து வையி."

"இல்லப்பா. விமானம் வாங்கப் போறேன்."

கடையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

கடைக்கு மாடியில் ஒரு கிடங்கு உண்டு. அங்கேதான் அவளுடைய கணினி இருந்தது. பில் போட வாங்கியது. பழையதாகிக் கழித்துப் போட்டபோது அவள் கேட்டு வாங்கி மேலே ஏற்றிவிட்டாள். போர் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் ஒன்றை அதில் போட்டு மூன்று வருஷமாகிறது. விளையாட்டு இலவசம். அதோடு ஒரே ஒரு சண்டை விமானமும் இனாமாக வரும். பழைய ரஷ்ய வண்டி அது. தரையோடு தரையாகப் பறந்து டாங்கியையும் லாரியையும் அடிப்பதற்கென்று செய்தது. மற்ற விமானங்கள் வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வெயில் தாழ்ந்து கடையில் கூட்டம் குறைகிற நேரங்களில் அவள் அந்த இனாம் விமானத்தை நானூறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டியிருந்தாள். சுற்றிலும் வத்தல் மூட்டை என்பதால் மைக்கில் ஓயாமல் தும்முவாள். இணையத்தில் கூடப் பறக்கிறவர்கள் அவளுக்கு வைத்த பேரே 'தும்மல்'.

கூடப் பறக்கிறவர்கள் பதினான்கு பேர். 'பருந்துகள்' என்று பேர் வைத்துக்கொண்டிருந்தார்கள். தலைவன் உதயகுமார், பாலையம்பட்டிக்காரன், சென்னையில் வேலை. தீபாவளி முடிந்து மூன்றாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு வேறு ஒரு குழுவோடு பெரிய மோதல் வைத்திருந்தான். இருக்கை ஒன்பது. எட்டுக்கு ஆள் சேர்ந்தாகிவிட்டது. அந்த ஒன்பதாவது இருக்கை தனக்கு வேண்டும் என்று தங்கச்செல்வி கேட்டபோது அவன் சொன்னான்:

"இனாம் வண்டியோட வர்றவுக ரேடியோவுல உக்காந்து கணக்குச் சொல்லலாம். ஜெட்டு வாங்குங்க, சேத்துக்கறேன். ஆஃபர்ல பாதி விலைதான் ஓடுது. சனிக்கிழமை சாயங்காலம் லிஸ்ட மூடிருவேன்."

மூன்று வருஷமாக அவள் ரேடியோவில்தான் உட்கார்ந்திருந்தாள். யார் எங்கே, யாரிடம் எவ்வளவு எண்ணெய் மிச்சம் என்று சொல்லுகிற வேலை. கீழே கடையில் பார்க்கும் வேலையை மாடியிலும் பார்ப்பதற்கு அவளுக்கு இனி இஷ்டமில்லை.

போனஸ் கையில் இருந்தது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற வீட்டில் அவள் பிறக்கவில்லை. மல்லி மூட்டையைப் பிரித்து மேலே பச்சையாக இருக்கிறது என்று விலை சொல்பவன் அந்தத் தொழிலில் ஒரு மாதம் நிற்க மாட்டான். குழல் ஊசியால் மேலே ஒரு குத்து, நடுவே ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. மூன்று கை மாதிரியையும் தாளில் கொட்டிப் பார்த்த பிறகுதான் பேச்சே. அந்தச் சிமுலேட்டரிலும் எந்த விமானத்தையும் பதினான்கு நாள் சும்மா ஓட்டிப் பார்க்க விடுவார்கள். பிறகு தானாகப் பூட்டிக்கொள்ளும். தங்கச்செல்வி மூன்று விமானங்களுக்கு மாதிரி எடுத்தாள். பில் நோட்டில் மூன்று கட்டம் போட்டாள்.

முதலாவது உதயகுமார் சொன்ன அமெரிக்க ஜெட். மேலே பார்த்தால் பளபளப்பு. மூன்று திரை, எல்லாம் பச்சையாக மின்னியது. நடுவில் குத்தினால் கொஞ்சம் பயம். ஒரு குண்டு போட இருபது பொத்தான் அழுத்த வேண்டும், ஆனால் பழகிவிடலாம். இரண்டாவது பழைய முக்கோணச் சிறகு ஜெட். மேலே அழகு, நடுவே வம்பு. வேகம் குறைந்தால் கல் மாதிரி விழுந்தது. மூன்றாவது ஹெலிகாப்டர். அதை ஒரே இடத்தில் நிறுத்திவைக்கவே அவளுக்கு நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் ஒரு மசூதிக் கோபுரத்தில் இடித்தாள். ஆறாம் நாள் அதன் கட்டத்தின் மேல் ஒரே கோடாக இழுத்துவிட்டாள்.

அடியில் குத்துவதென்றால், பத்து விமானம் சேர்ந்து ஒரு ஊருக்கு மேல் மழை மேகத்தில் பறக்கும்போது தன் கணினியில் படம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது. ஜெட்டில் படம் நின்று நின்று வந்தது. முக்கோணத்திலும் அப்படியே. கோடு இழுத்த ஹெலிகாப்டரையும் ஏற்றிப் பார்த்தாள், அப்படியே. பன்னிரண்டாம் நாள் மூன்று கட்டத்தின் அடிவரிசையையும் சேர்த்துப் படித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. மூட்டை எதிலும் குற்றமில்லை, கிடங்கு ஒழுகுகிறது. கணினிக்கு மெமரி போதவில்லை.

ஆக, மெமரிக்கு இரண்டாயிரத்து முந்நூறு. பாதி விலையில் அமெரிக்க ஜெட் மூவாயிரத்து முந்நூறு. மிச்சம் நானூறு ரூபாய். பதினான்காம் நாளான வியாழக்கிழமை, மாதிரி முழுவதும் பார்த்து முடித்த திருப்தியோடு வாங்கப் போனாள்.

விலை ஆறாயிரத்து அறுநூறு என்று இருந்தது.

ஆஃபர் செவ்வாய்க்கிழமையே முடிந்திருந்தது. முடியும் தேதியை அவள் படிக்காமல் இல்லை. படித்தாள், அது புதிதாக வருகிறவர்களுக்கு என்று நினைத்தாள். தான்தான் ஆஃபர் நாளிலேயே மாதிரி எடுத்துவிட்டோமே! அவர்கள் கடைத் தெருவில் மாதிரியைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும்போது மேலே அன்றைய விலையை எழுதிக் கொடுப்பார்கள். வேண்டும் வேண்டாம் என்று ஆள் வந்து சொல்கிறவரை அந்த விலைதான் விலை. சந்தை ஏறினாலும் அப்படித்தான்.

அவள் உட்கார்ந்து கம்பெனிக்குக் கடிதம் எழுதினாள். இன்ன தேதியில் மாதிரி எடுத்தேன். அன்றைய விலை இன்னது. மாதிரி பார்க்கப் பதினான்கு நாள் கொடுத்தது நீங்கள். பார்த்து முடிக்கும் முன் விலையை ஏற்றியதும் நீங்கள். தயவுசெய்து பழைய விலைக்குத் தரவும். மறுநாள் பதில் வந்தது. ஆர்வத்துக்கு நன்றி, அடுத்த ஆஃபர் டிசம்பர் கடைசியில் என்று இரண்டு வரி.

டீ குடிக்கும்போது அப்பாவிடம் சொன்னாள். சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"மாதிரி எடுத்துட்டுப் போனவனுக்கு வெலைய ஏத்துனானா? என்ன யாவாரம் அது! எந்த ஊருக்காரன்?"

"வெளிநாடுப்பா."

"எந்த நாடா இருந்தா என்ன? நம்ம தெருவுல இப்படிச் செஞ்சா அவன் கடைப் படியில ஒருத்தன் ஏறுவானா?" மூச்சு வாங்கியது. பிறகு குரலைத் தாழ்த்தி, "எம்புட்டு கொறையுது? நான் தாரேன்" என்றார்.

"வேணாம்ப்பா. கம்மலுக்கு வச்சிருங்க."

அன்று சாயங்காலம் பருந்துகளில் அவளுக்கு நெருங்கிய சேக்காளியான செல்லப்பாண்டி கூப்பிட்டான். காரியாபட்டியிலிருந்து தினமும் மதுரைக்கு வேலைக்குப் போகிறவன். அவனுடைய பேச்செல்லாம் பஸ் இரைச்சலோடுதான் வரும்.

"என்ன தும்மல், ஜெட்ட வாங்கியாச்சா?"

"இல்ல. மதுரையில பழைய மெமரி கெடைக்கும்னியே, நாளைக்கு எடுத்துட்டு வந்து அருப்புக்கோட்டை பஸ்ஸுல குடுத்து விடு."

"மெமரி மட்டுமா? வண்டி?"

"வண்டி இருக்கு."

"இனாம் வண்டியா? உதயா சிரிப்பாப்ல."

"சிரிக்கட்டும். மூணு வண்டிக்கு மாதிரி பாத்தேன். நாலாவதுக்குப் பாக்கவே இல்ல, ஏன்னா அதுல நானூறு மணி நேரம் ஓடியிருக்கேன். அதுக்கு மேல என்ன மாதிரி?"

மெமரி சனிக்கிழமை காலையில் கண்டக்டர் கையிலிருந்து வந்து சேர்ந்தது. மத்தியானம் அதைச் சொருகி, மழை மேகத்துக்குள் ஊருக்கு மேலே பறந்து பார்த்தாள். படம் எண்ணெய் போட்ட மாதிரி தங்காமல் ஓடியது. அப்படியே உதயகுமாரை ரேடியோவில் கூப்பிட்டாள்.

"ஒன்பதாம் நம்பர்ல எம்பேர எழுதுங்க. இனாம் விமானம்னே எழுதுங்க."

"ஏங்க, திரும்பத் திரும்ப! அது மம்பட்டி மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு, மாட்டு வண்டி வேகத்துல வரும். நாங்க போயி அடிச்சிட்டுத் திரும்பும்போது நீங்க எதுத்தாப்புல வருவீக."

கேட்டுக்கொண்டிருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். செல்லப்பாண்டியும் சிரித்துவிட்டான், அது அவளுக்குக் கேட்டது.

"சரி, இப்பவே போவோம்" என்றாள். "பள்ளத்தாக்குல மூணு ஏவுகணை லாரி வைங்க. எங்க இருக்குன்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரிய வேணாம், செல்லப்பாண்டி வைக்கட்டும். உங்க ஜெட்ட விடக் கம்மியா அடிச்சேன்னா நான் ரேடியோவுல உக்காந்துக்கறேன். இனிமே இருக்கையே கேக்க மாட்டேன்."

"கம்மியா அடிச்சிட்டு அழக் கூடாது."

"மூணு வருசமா உங்க எண்ணெய்க் கணக்க எழுதுறேன். எந்தெந்த எடத்துல நீங்க அழுவீகன்னு எனக்குத் தெரியும்."

இருவரும் கிளம்பினார்கள். உதயகுமார் மேகத்துக்கு மேலே ஏறி, ஐந்தே நிமிஷத்தில் முதல் லாரியை அடித்தான். தங்கச்செல்வி அப்போதுதான் பள்ளத்தாக்கின் வாயில் நுழைந்தாள். மலை மறைவிலேயே, ஆற்றை ஒட்டி, மரக்கிளையை உரசுகிற உயரத்தில் போனாள். வேகம் இல்லாததில் ஒரு சௌகரியம் இருந்தது. கண்ணுக்கு நேரம் கிடைத்தது. ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் நிழல் மட்டும் தெரிந்தது, லாரி தெரியவில்லை. சுட்டாள். நிழல் தீயாகப் பிடித்தது.

"ஒண்ணு" என்றாள்.

மூன்றாவது லாரியை உதயகுமார்தான் முதலில் பார்த்தான். அவசரத்தில் மேகத்தை விட்டுக் கீழே இறங்கினான். லாரியும் அவனைப் பார்த்துவிட்டது. ஒரு வெள்ளைக் கோடு மேலே எழுந்தது. அடுத்த நொடி ஜெட் உடைந்தது; உதயகுமார் பாராசூட் குடையில் தொங்கினான்.

"ஒண்ணுக்கு ஒண்ணு. சமம். போதும், திரும்பிருங்க" என்றான் மூச்சு வாங்க.

"கம்மியா அடிச்சாத்தான தோல்வி? நான் இன்னும் முடிக்கல."

இரண்டாவது வெள்ளைக் கோடு அவளுக்காக எழுந்தது. வலது எஞ்சின் போனது. எல்லா விளக்கும் சிவப்பாக எரிந்தன. அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தது. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தபடியே லாரி குறிக் கண்ணாடிக்குள் வந்தது. பீரங்கியை அழுத்தினாள். குண்டு லாரிக்கு முன்னால் மண்ணை வாரி அடித்தது. லாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பிச் சுடக் குண்டு மிச்சமில்லை.

"தப்பிருச்சு" என்றான் உதயகுமார். குரலில் நிம்மதி.

அவள் விமானத்தை வீட்டுப் பக்கம் திருப்பினாள். ஒரே எஞ்சினில், சாயாமல் எதிர்ப்பக்கம் அழுத்திப் பிடித்த கை வலிக்க, இருபத்திரண்டு நிமிஷம் ஓட்டினாள். அவளுக்கு எண்ணெய்க் கணக்குச் சொல்ல ஆளில்லை, தன் கணக்கை அவளே சொல்லிக்கொண்டாள். ஓடுபாதையில் ஒரு டயர் வெடித்தது. விமானம் ஓரத்துப் புல்லில் இறங்கி நின்றது. முழுசாக நின்றது.

"எழுதுங்க" என்றாள்.

"சமந்தான? இன்னொரு ரவுண்டு போவமா?"

"எதுக்கு? நீங்க ஒண்ணு அடிச்சீக, நான் ஒண்ணு அடிச்சேன். ஆறாயிரத்து அறுநூறு ரூவா ஜெட்டு பள்ளத்தாக்குல கெடக்கு. இனாம் வண்டி வீட்டுக்கு வந்துருச்சு. கம்மியா அடிச்சாத்தான் ரேடியோன்னு பேச்சு. சொன்ன பேச்சுக்கு வெலைய ஏத்தாதீக."

செல்லப்பாண்டி பஸ் இரைச்சல் இல்லாமல் முதல் தடவையாகத் தெளிவாகப் பேசினான். "ஏலே உதயா, எழுதுலே."

உதயகுமார் எழுதினான். ஒன்பது, தும்மல் என்று போட்டுவிட்டு நிறுத்தினான். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் 'இனாம்' என்று அவன் சேர்க்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடி ஏறியபோது கணினியைச் சுற்றியிருந்த வத்தல் மூட்டைகளைக் காணோம். மாரிச்சாமி கடைசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கிக்கொண்டிருந்தார்.

"மல்லிய மேல ஏத்திருக்கேன்த்தா. அது தும்ம வைக்காது. மொதலாளிதான் சொன்னாக. நான் சொன்னேன்னு சொல்லாதன்னாக."

பத்து மணிக்கு உதயகுமார் பேர் வாசித்தான். எட்டு வரை ஜெட்.

"ஒன்பது?"

"தும்மல். இனாம் விமானம். எண்ணெய் முழுசா இருக்கு, உங்க கணக்க இனி நீங்களே பாத்துக்கங்க" என்ற தங்கச்செல்வி வேக விசையை முன்னால் தள்ளினாள்.