மோட்டார் நின்ற மதியம்

மதுமதி கண்ணை மூடிப் பல்லவியை எடுத்த நேரம் பார்த்துத் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் ஓடத் தொடங்கியது. போனில் தம்பூரா ஒரு சுருதியில் ஒலிக்க, மோட்டார் அதற்கு மயிரிழை கீழே தன் சுருதியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டாயிற்று, கதவிடுக்கில் துண்டைத் திணித்தாயிற்று. ஒன்றும் பலிக்கவில்லை.

சென்னையில் இசைக் கல்லூரியில் கீர்த்தனை எழுதி மெட்டமைக்கும் படிப்பு அவளுக்கு. ஹாஸ்டலில் அமைதிக்கு எங்கே போவது? பொங்கல் லீவில் ஊரில் வைத்துப் பாடிப் போனில் பதிவுசெய்து அனுப்பிவிடலாம் என்று தள்ளிப்போட்டு வந்தவள். இன்று சாயங்காலம்தான் கடைசி. வெடித்துக் கிடக்கும் நிலம் அம்மனிடம் தண்ணீர் கேட்பதுபோல எழுதியிருந்தாள். 'உன் மண்ணின் குரல்' என்று ஆசிரியை வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெளியே வந்தாள். அவளைப் பெற்ற அய்யா நாகநாதன் மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே மண்வெட்டியோடு நின்று தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருந்தார். செடியெல்லாம் பூவெடுத்திருந்தது.

"அய்யா, மோட்டாரக் கொஞ்சம் நிப்பாட்டுறீகளா? பாட்டுல விழுகுது."

மோட்டார் ஓடுவதற்கான த்ரீபேஸ் கரண்ட் பகலில் கொஞ்ச நேரம்தான் வரும். நினைவு தெரிந்த நாள் முதலாக அவளுக்குத் தெரிந்த விஷயம் அது. அன்றைக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. வந்திருந்தாலும் கேட்டிருப்பாளோ என்னவோ.

நாகநாதன் பூக்களை ஒரு பார்வை பார்த்தார். "அதுக்கென்ன தாயி. நீ பாடு" என்று மோட்டார் ரூமைப் பார்த்து நடந்தார்.

ஒரு தடவை பாடினால் போதும் என்றுதான் உட்கார்ந்தாள். ஒரு சங்கதி பிசிறியது, மறுபடி எடுத்தாள். மூச்சு வாங்கியது கேட்டது, மறுபடி. பிறகு நன்றாகவே அமைந்தும், இதைவிட நன்றாக வரும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. ஒருவழியாக மனசுக்குப் பிடித்த மாதிரி பாடி முடித்தவள், மோட்டாரைப் போடச் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை கேட்டுவிடலாமே என்று இயர்போனை மாட்டினாள்.

அனுபல்லவியில் மேல் ஸட்ஜத்தைப் பிடித்து நீளமாக நிற்கும் இடம். அவள் குரலுக்குப் பின்னால் தூரத்தில் 'ணங்' என்றது. அடுத்துத் தண்ணீர் ஊற்றும் சத்தம். இவ்வளவு சொல்லியும் யார் இது என்று சுருக்கென்று கோபம் வந்தது. அதே கோபத்தோடு போய்க் கதவைத் திறந்தாள்.

அய்யா கிணற்று மேட்டில் நின்று வாளிக் கயிற்றை வெறும் கையால் இழுத்துக்கொண்டிருந்தார். அம்மா முருகம்மாள் இடுப்பில் குடத்தோடு குனிந்து குனிந்து செடிக்குச் செடி ஊற்றிக்கொண்டிருந்தாள். கிணற்று உருளை கழற்றிக் கீழே வைக்கப்பட்டிருந்தது.

"உருளைய ஏம்மா கழத்துனீக?"

"கீச்சுக் கீச்சுங்கும்ல" என்றாள் அம்மா, அப்போதும் குரலைத் தாழ்த்தியே. "ஒம் பாட்டுல விழுந்துரும்னு ஒங்கய்யாதான் கழத்துனாக."

"மோட்டாரப் போடலாம்ல, முடிச்சிட்டேன்."

"கரண்டு போயி எம்புட்டு நேரமாச்சு. இனி நாளைக்குத்தேன்."

மதுமதிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வெடித்த நிலமாம், அதற்குத் தண்ணீராம். அந்த வரிகளை எழுதியபோது எவ்வளவு பெருமையாக இருந்ததோ அவ்வளவுக்கு இப்போது கூசியது.

"நல்லா வந்துருச்சா தாயி? சத்தம் எதும் விழுகலையே?" என்றார் நாகநாதன்.

"இல்லய்யா."

"அப்பக் குடு, கேப்போம்."

மனசில்லாமல் போனையும் இயர்போனையும் நீட்டினாள். அவர் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துவிட்டு இயர்போனைக் காதில் வைத்துக்கொண்டார். பல்லவி முழுக்கத் தலையாட்டினார். மகளைப் பார்த்துச் சிரித்தார். அனுபல்லவியில் ஆடிக்கொண்டிருந்த தலை நின்றது, முகம் சுண்டிப்போனது.

"வாளி முட்டிருச்சே தாயி" என்றார். "நாந்தான் கை வழுக்கி விட்டுட்டேன்."

அவர் முகத்தைப் பார்க்க மாட்டாமல், இயர்போனைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். கயிறு அறுத்து உள்ளங்கைத் தோல் வழன்றிருந்தது.

"இன்னொருக்கப் பாடிரு. நாங்க இனி வாளியத் தொடமாட்டோம்."

அதைக் கேட்டதும் முருகம்மாள் இடுப்புக் குடத்தைச் சத்தம் வராமல் மெல்லத் தரையில் இறக்கினாள். ஈரத்தில் கறுத்திருந்த மண் அவள் காலடியோடு நின்றது. அதற்கு அப்பால் வரப்பு வரைக்கும் மண் வெளுத்துக் கிடந்தது, செடிகள் பூவோடு தலை தொங்கி நின்றன.