கட்டைவிரல் நம்பிய முத்திரை

“நல்லாப் பாருக்கா. நம்பரைத் தப்பாப் போட்டிருப்பே.”

“மூணு தடவை போட்டேன்டா. மூணு தடவையும் அதே அம்மாதான் எடுக்குறாங்க. மெத்தையா, தலையணையான்னு கேக்குறாங்க.”

“கப்பலுக்குக் காப்பீடு குடுக்குற கம்பெனி இல்லையா?”

“மெத்தைக் கடை. கப்பலுக்குள்ள விரிக்கணும்னா மொத்தமா வாங்கி, விலையைக் குறைக்கச் சொல்லலாம்.”

தம்பி சிரிக்கவில்லை. சின்ன வயதிலிருந்து என் அறுவை ஜோக்குகளுக்கெல்லாம் முதல் ஆளாகச் சிரிப்பவன் அவன். இப்போது என் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. துறைமுகத்தில் கொடுத்த நீலச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் போனில் விஷயத்தைச் சொன்னதும், லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் நாலு மாடியும் ஏறி வந்திருக்கிறான்.

எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு தாள் கிடந்தது.

நான் சட்டங்களை வரைந்து கொடுக்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக ஒரே சட்டம்தான்: கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டினால் யார் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்பது. பழைய சட்டப்படி, எண்ணெயால் பிழைப்பை இழந்தவன்தான் கப்பல்காரனின் தவறை நிரூபிக்க வேண்டும். அவன் நிரூபித்து முடிப்பதற்குள் கப்பல் கம்பெனி கலைந்துபோய், ஒரு தபால் பெட்டி மட்டும் மிஞ்சியிருக்கும். புதிய வரைவில் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. காப்பீடு கொடுத்த கம்பெனியிடமே நேராகப் போய்க் கேட்கலாம். ஆனால் கேட்பதற்கு அப்படி ஒரு கம்பெனி இருக்க வேண்டுமே? அதற்காகத்தான் ஒன்பதாவது பிரிவை எழுதினேன். இப்போதைக்குத் துறைமுக அதிகாரி காப்பீட்டுச் சான்றிதழைப் பார்த்தால் போதும். என் பிரிவு வந்தால், அந்தக் கம்பெனியிடம் விசாரித்து, பதில் வந்த பிறகுதான் கப்பலை விட வேண்டும்.

போன முறை நாடாளுமன்றக் குழு அந்தப் பிரிவைத் திருப்பி அனுப்பிவிட்டது. ஓரத்தில் தலைவர் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘வீண் பயம். ஓர் உதாரணமாவது உண்டா?’

உதாரணம் தேடித்தான் இந்த மாதச் சான்றிதழ்களின் நகல்களைத் துறைமுகத்திலிருந்து வரவழைத்தேன். மொத்தம் நாற்பது. பதினேழாவதில் காப்பீட்டுக் கம்பெனியின் எண் என்று போட்டிருந்ததுதான் மெத்தைக் கடை. அதன் அடியில் ‘பார்க்கப்பட்டது’ என்று ரப்பர் முத்திரை, அதன்மேல் தம்பியின் கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் போட்ட அதே கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் பூனைவால் மாதிரி சுருண்டிருக்கும்.

“எப்படிடா விட்டே?”

“முத்திரை சரியா இருந்துச்சுக்கா.”

வலது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். துறைமுகத்தில் அவன் கவுண்டருக்கு வரும் கப்பல் காகிதங்கள் பாதிக்கு மேல் அங்கே யாருக்கும் தெரியாத மொழிகளில் இருக்கும். அதனால் அங்கே எல்லோருக்கும் ஒரே வழிதான். கண்ணை மூடிக்கொண்டு, காகிதத்தில் அழுத்தி எழுப்பிய முத்திரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார்கள். மேடு தட்டுப்பட்டால் அசல், இல்லாவிட்டால் போலி. இத்தனை வருடத்தில் விரல் ஏமாற்றியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

“அவ்வளவு அழகான மேட்டை நான் தொட்டதே இல்லக்கா,” என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது.

என்னிடம் வந்தது நகல். நகலில் மேடு தெரியாது. அதனால்தான் நான் எழுத்தைப் படித்தேன்.

“சரி, அந்தக் கப்பல் இப்ப எங்க?”

அவன் ஜன்னலைப் பார்த்தான். அங்கிருந்து கடல் தெரியாது. எதிர் மாடியில் தண்ணீர்த் தொட்டியை மூடியிருந்த தார்ப்பாய் ஒரு பக்கம் பிய்ந்து, காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

“நேத்து காலைல கிளம்புச்சு. வயிறு முட்ட எண்ணெய். இன்னைக்குப் பத்து மணிக்கு நடுவழியில இன்ஜின் நின்னுபோச்சு. வளைகுடா வாசல்ல நங்கூரம் போட்டிருக்கு. இந்தக் காத்துல நங்கூரமும் இழுபடுதாம்.”

வளைகுடாவில்தான் அவன் மாமனாரின் சிப்பிப் பண்ணை. மிதவைகளில் கயிறு கட்டித் தொங்கவிட்டு வளர்க்கிறார். இந்த வாரம் அறுவடை. தம்பி மனைவியும் உதவிக்குப் போயிருக்கிறாள்.

பழைய விபத்தின் படங்கள் என் கோப்பில் இருக்கின்றன. செத்த சிப்பிகள் வாயைப் பிளந்து கிடக்கும். உள்ளே கறுப்பாக, நாக்குபோல எண்ணெய். எத்தனையோ முறை அந்தப் படங்களைப் புரட்டியிருக்கிறேன். இன்றுதான் அவை ஏதோ சொல்ல வருவதுபோல் இருந்தது. கோப்பைக் கவிழ்த்து வைத்தேன்.

“அந்த ஒரு தாளை மட்டும் எடுத்துடுக்கா,” என்றான். “மிச்சம் முப்பத்தொம்பது இருக்கே. அதுல ஒரு உதாரணம் கிடைக்காதா?”

“கிடைச்சா என்ன அர்த்தம் தெரியுமா? இதே மாதிரி இன்னொரு கப்பலும் கடல்ல போய்க்கிட்டிருக்குன்னு அர்த்தம்.”

“வேலை போயிடும்.”

“அதுக்கா இப்படி நடுங்குறே?”

“வேலை போனாப் போகுது. மாமா மூஞ்சில எப்படி முழிப்பேன்? ‘என் மருமகன் பாக்காம ஒரு கப்பலும் போகாது’ன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு.”

நாலு மணிக்கு வரைவோடு இந்த நகல்களின் கட்டையும் எடுத்துப்போகக் குழுவின் ஆள் வருவார். மூன்றே முக்கால் ஆகியிருந்தது. கட்டிலிருந்த குண்டூசியை உருவியிருந்தேன். எப்போது உருவினேன், தாளை வெளியே வைக்கவா திரும்பச் சேர்த்துக் குத்தவா என்று எனக்கே தெரியவில்லை. ஊசி முனை விரலில் குத்திக்கொண்டிருந்தது.

அப்போதுதான் என் கைபேசி அடித்தது. தம்பி மனைவி.

“அண்ணி, உங்க தம்பி போனை எடுக்கவே மாட்டேங்குறாரு. அங்க வந்தாரா?”

“இங்கதான் இருக்கான்.” யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது. தம்பி வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

அவள் குரலுக்குப் பின்னால் காற்று இரைந்தது. “இங்க ஒரு வாடை வருது அண்ணி. மண்ணெண்ணெய் மாதிரி, ஆனா நெஞ்சை அடைக்குது. கப்பல் கண்ணுக்கே தெரியுது. அப்பா ஒத்தை ஆளா படகுல ஏறிட்டாரு. மிதவையை எல்லாம் அவுத்து உள்ள இழுத்துட்டு வரப்போறாராம். அலை வீடு உசரத்துக்கு இருக்கு. போனா திரும்ப மாட்டாரு.”

“பிடிச்சு நிறுத்துடி!”

“படகுக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பேசுறேன். சிப்பி போனா போகட்டும், கப்பலுக்குக் காப்பீடு இருக்கும், குடுத்துடுவாங்கன்னு கத்துறேன். என் பேச்சை நம்ப மாட்டேங்குறாரு. மருமகன் வாயால சொன்னா இறங்குறேங்குறாரு. அந்தக் கப்பலோட காகிதத்தை இவர்தானே பாத்து விட்டாரு? ஒரே ஒரு வார்த்தை அண்ணி. காப்பீடு இருக்குன்னு அவரைச் சொல்லச் சொல்லுங்க. போனை அவர்கிட்ட குடுங்க அண்ணி.”