மேப்பிள் மரத்தடியில் ஒரு குழி

வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கியதுமே ராய்ஸ் அந்தக் குழியைப் பார்த்துவிட்டான். மேப்பிள் மரத்தடியில் சருகை இருபுறமும் ஒதுக்கி, மண்வெட்டியால் சதுரமாக வெட்டி எடுத்திருந்தார்கள். அவன் மனைவி டெஸ் எழுதிக் குத்திவைத்த பிளாஸ்டிக் பட்டி மட்டும் அங்கேயே நின்றது. அதில் விதை போட்ட வருடம் இருந்தது.

அங்கிருந்தது டிரில்லியம், மெதுவாக வளரும் காட்டுப் பூச்செடி. முதல் வசந்தத்தில் தரைக்கு மேல் ஒன்றும் தெரியாது. அடுத்த வருடம் ஒற்றை இலை. மூன்று இலை விரிய இன்னும் சில வருடம். பூவுக்கு ஏழு வருடம். டெஸ் ஆறு வசந்தம் மண்டியிட்டுப் பார்த்தாள். இந்தப் பிப்ரவரியில் செத்துப்போனாள். மண் உறைந்து கிடந்ததால் மே முதல் வாரம்தான் அடக்கம் நடந்தது. முதல் வெள்ளைப் பூ விரிந்து இன்றோடு மூன்று நாள்.

யார் வேலை என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. வருகிற திங்கட்கிழமை மெமோரியல் டே, இறந்தவர்களுக்கான நினைவு நாள். ஊரே கல்லறைக்குச் செடி கொண்டுபோகும். டெஸ்ஸின் அக்கா கொலெட்டுக்குப் போன் போட்டான்.

"நீதான் தோண்டினியா?"

"ஆமா. கடையில வாங்கின ஜெரானியத்தையா அவ தலைமாட்டுல வைக்கச் சொல்றே? அவ வளத்த பூ அவளுக்குத்தானே?"

"பூத்து நிக்கறப்போ அதைத் தொடலாமா? இந்த ஊர்லயே பொறந்தவதானே நீ? இங்க ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும் அது."

"மண்ணோடதான் எடுத்தேன். கத்தாதே."

"அங்க பொட்டு நிழல் இல்ல. ஜூலைல இலை காஞ்சு மண்ணுக்குள்ள போயிடும். சும்மா கெடக்குற இடம்னு நெனச்சு, அங்க புல்லு வெட்டுற வெர்ன் அதுமேல மிஷினை ஓட்டுவான்."

"நிழல் இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்? அடக்கம் பண்ணி மூணு வாரமாச்சு. ஒரு நாள் எட்டிப் பாத்தியா?"

அவன் போனை வைத்தான். வாளியையும் தோட்டக் கரண்டியையும் காரில் எறிந்தான்.

கல்லறைத் தோட்டத்தில் நிழல் இல்லைதான். டெஸ்ஸுக்கு இன்னும் கல் வைக்கவில்லை. புது மண் மட்டும் மேடாக இருந்தது. அதன் தலைமாட்டில் செடி தண்டு மடங்கிச் சாய்ந்திருந்தது. பூ மண்ணில் முகம் குப்புறக் கிடந்தது. அவன் காதுக்குள் கடிக்கும் சின்னக் கறுப்பு ஈக்கள் புகுந்தன. விரட்டாமல் குனிந்து தோண்டினான்.

பின்னால் கார்க் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

"புதைச்ச எடத்தையா தோண்டறே? பைத்தியம் புடிச்சிருக்கா உனக்கு?"

"கிட்ட வா. வந்து பாரு."

கொலெட் வந்தாள். அவன் கிழங்கைத் தூக்கிக் காட்டினான். கட்டைவிரல் பருமனில் இருந்தது. ஒரு பக்கம் வெள்ளையாக, கத்தியால் நறுக்கியதுபோல வெட்டுப்பட்டிருந்தது.

"மண்ணோட எடுத்தேன்னியே. பாதிக் கெழங்கு வீட்டுலயே கெடக்கு. ஏழு வருஷம் கொலெட். ஏழு!"

அவள் வெட்டுப்பட்ட இடத்தை விரலால் தொட்டாள். "எனக்குத் தெரியல ராய்ஸ்."

"தெரியலன்னா கேக்கணும்."

"யார்கிட்ட? பிப்ரவரிலேர்ந்து நான் அடிச்ச ஒரு போனை நீ எடுத்தியா? இன்னிக்குத்தான் நீயா பேசினே. அதுவும் பூவுக்காக."

அவள் சொன்னது உண்மைதான். அதனாலேயே இன்னும் எரிந்தது. கிழங்கை ஈர மண்ணோடு வாளியில் வைத்து எழுந்தான்.

"அப்ப நான் இங்க எதை வைக்கறது? அதையாவது சொல்லிட்டுப் போ."

"ஜெரானியம் வை. செவப்பா வாங்கு. அவளுக்குப் புடிக்காது. வெர்ன் மிஷினை ஏத்தி அரைச்சாலும் கவலையில்ல."

வீட்டுக்கு வந்து குழியை விரலால் துழாவி மிச்சத் துண்டைக் கண்டுபிடித்தான். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் புதைத்துத் தண்ணீர் விட்டுச் சருகை மூடினான். பிழைத்ததா என்று அடுத்த மே மாதம்தான் தெரியும். பூவை இனி எப்போது பார்ப்பது என்று பட்டியைப் பார்த்துக் கணக்குப் போட்டான். பிறகு உள்ளே போய், கொலெட்டின் நம்பரைத் தட்டினான்.

"இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். மரத்தடிச் சருகை வாரிப் பெருக்கறேன்னு வந்துடாதே."

"வந்தா?"

"கதவைத் தட்டிட்டு வா" என்று கத்திவிட்டு வைத்தான்.