எண்பத்தாறாவது நிமிஷத்துக் கொடி

வேணு அண்ணன் கொடியை என்னிடம் நீட்டினார். நான் பிடித்த பிறகும் அவர் விடவில்லை. குச்சியின் ஒரு முனை அவர் கையிலும் மறுமுனை என் கையிலுமாகக் கொஞ்ச நேரம் நின்றோம். கால்பந்து ஃபைனலுக்கு லைன் அம்பயராக நிற்க வேண்டியவர் ஊர்க்காவல் படையில் இருக்கிறார். கார்த்திகை தீபத்துக்கு டூட்டி போட்டு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரெஃப்ரி பரீட்சை எழுதிப் பாஸான ஆள் அன்று மைதானத்தில் நான் ஒருவன்தான் மிச்சம்.

“பழச மனசுல வெச்சிக்கினு எதுனா பண்ணிடாத மூர்த்தி. நாப்பத்தோரு வருஷமா நடத்துற கப்பு. என் தலைய உருட்டிடுவானுங்க.”

“இன்னா பழசுண்ணே?”

அவர் என் இடது முட்டியைப் பார்த்தார். பிறகு கொடியை விட்டார்.

பழசு என்று அவர் சொன்னது ராஜமாணிக்கத்தை. இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் இதே சுழற்கோப்பையின் செமிஃபைனல். நான் கீழ்பென்னாத்தூருக்கு லெஃப்ட் விங், அவன் வேங்கிக்காலுக்கு பேக். அடுத்த வியாழக்கிழமை சென்னையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு ஆள் எடுத்தார்கள். இந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டது எங்கள் இரண்டு பேரை மட்டும்தான், எடுக்கப்போவது ஒருவனை. பந்து என் காலை விட்டுப் போய் ஒரு மூச்சு விடும் நேரம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகுதான் அவன் வந்தான். அவனுடைய இரண்டு காலும் தரையில் இல்லை. என் முட்டி உள்பக்கமாக மடங்கியதைக் கண்ணால் பார்த்தேன், வலி அப்புறம்தான் வந்தது. அவனுக்கு ஒரு மஞ்சள் அட்டை காட்டினார்கள். வியாழக்கிழமை அவன் சென்னைக்கு பஸ் ஏறினான். எனக்குத் தொடை வரைக்கும் மாவுக்கட்டு.

இப்போது கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். பின்னால் ஒற்றை அறை, அதில் தனியாக இருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனுடைய பதவி உயர்வு ஆணையை யாரோ கொண்டுவந்து மூன்று காப்பி கேட்டார்கள். நான்கு எடுத்தேன். நான்காவது இன்னும் என் தலையணை உறைக்குள் இருக்கிறது.

நான் ரெஃப்ரி பரீட்சை எழுதியதை ஆட்டத்தின் மேல் உள்ள ஆசை என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். ராஜமாணிக்கத்துக்கு வேலை, வீடு, இரண்டு பெண் பிள்ளைகள் எல்லாம் அமைந்துவிட்டன. அமையாதது இந்தக் கோப்பை ஒன்றுதான். ஆடிய காலத்தில் நான்கு ஃபைனல், கோச்சாக ஆன பிறகு இரண்டு. ஆறிலும் தோல்வி. அன்றைக்கு ஏழாவது, செங்கம் ரோடு அணியோடு. தோற்றவன் வெளியே போகும் போட்டி இது. அடுத்த வருஷம் முப்பத்திரண்டு அணியில் ஒருவனாக முதல் சுற்றிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அவன் ஒவ்வொரு வருஷமும் ஆரம்பித்தான். நானும் கொடியோடு ஆரம்பித்தேன். வேணு அண்ணன் மட்டும் அவன் ஆட்டத்துக்கு என்னைப் போடாமல் பார்த்துக்கொண்டார். பதினோரு வருஷத்தில் நான் ஒரு தப்புக் கொடி தூக்கியதில்லை. அதை நேர்மை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். ஒரே ஒரு தப்புக் கொடிக்காகச் சேர்த்துவைத்த நம்பிக்கை அது.

எண்பத்தைந்து நிமிஷம் வரைக்கும் கோல் இல்லை. செங்கம் ரோடு அணி மூச்சு வாங்கியது. வேங்கிக்கால் பையன்கள் ஏறி ஏறி வந்தார்கள். கடைசி பேக் எங்கே நிற்கிறானோ அந்த நேருக்கு நானும் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். அரை அடி இடம் கிடைத்தால் போதும், தூக்கிவிடலாம் என்று கை ஊறியது. எண்பத்தாறாவது நிமிஷம் வல்லரசு நடுவிலிருந்து பந்தைத் தள்ளினான். பாலாஜி ஓடி எடுத்து கோல்கீப்பரின் கைக்கு அடியில் உள்ளே போட்டான். சனம் எழுந்து கத்தியது. ராஜமாணிக்கம் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

என் கொடி மேலே இருந்தது.

அதில் என் திட்டம் எதுவும் இல்லை. பந்து வல்லரசின் காலை விட்டுக் கிளம்பியபோது பாலாஜி கடைசி பேக்கைத் தாண்டி ஒரு முழு அடி முன்னால் நின்றான். தோள், முட்டி, பாதம் எல்லாம் முன்னால், சுத்தமான ஆஃப்சைடு. எந்த ஊர் அம்பயராக இருந்தாலும் தூக்கித்தான் ஆக வேண்டும். ரெஃப்ரி விசில் ஊதினார். கோல் இல்லை என்று ஆனது. தூக்கிய கையோடு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது, அவனுக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை. சட்டம் செய்தது. நான் குச்சியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

பெனால்டியில் வேங்கிக்கால் நாலுக்கு ரெண்டு என்று தோற்றது.

பரிசு கொடுத்து முடிந்ததும் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். வேங்கிக்கால் பையன்கள் ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். வல்லரசு என் சட்டையைப் பிடித்தான்.

“யோவ், வேணும்னே தானே தூக்குன? வீடியோ கீது எங்ககிட்ட!”

அந்த வீடியோவை எனக்கும் காட்டினார்கள். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்று எடுத்தது. அங்கிருந்து பார்த்தால் யார் முன்னால், யார் பின்னால் என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது. அந்த நேரில் நின்று பார்த்தவன் நான் ஒருவன்தான்.

“கைய எட்றா.” ராஜமாணிக்கம் வந்தான். வயிறு போட்டிருந்தது, காதோரம் நரைத்திருந்தது. “அவன் தூக்குனா ஆஃப்சைடு தான். பதினோரு வருஷமா பாக்குறேன், ஒரு நாளு தப்பா தூக்குனது கெடையாது. போங்கடா, போய் பஜ்ஜி துன்னுங்க. சோறு எறங்குனா கோவம் எறங்கும்.”

பையன்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். அவன் என் பக்கத்தில் குனிந்து குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டான். தோற்றவன் முகம் மாதிரியே இல்லை. ஒரு விஷயம் நியாயமாக முடிந்தால் வரும் அமைதி அதில் இருந்தது. இன்று ராத்திரி இவன் நன்றாகத் தூங்குவான் என்று தெரிந்தது.

“வேற எவனா இருந்தா பயந்துகினு உட்ருப்பான். நீ நின்ன பாரு.” கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். பிறகு, போன வாரம் வந்த ஜுரத்தை விசாரிப்பதுபோல, “முட்டி இப்ப பரவால்லியா?” என்றான்.

இருபத்தொரு வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது.

“ராஜமாணிக்கம்.”

“சொல்லுடா.”

“அது ஆஃப்சைடு இல்ல.”

அவன் சிரித்தான். “சும்மா வெளாடாத.”

“பாலாஜி பேக்குக்கு நேராத்தான் நின்னான். சுத்தமான கோலு. நான் வேணும்னே தூக்குனேன்.”

சிரிப்பு முகத்திலிருந்து போக நேரம் எடுத்தது. வாயில் முதலில் போனது, கண்ணில் கடைசியாக.

“பொய் சொல்ற.”

“கமிட்டில போய்ச் சொல்லு. நான் இல்லன்னுதான் சொல்லுவேன். நீதான் இப்ப எனக்கு சர்ட்டிபிகேட் குடுத்தியே, அத்தினி பேரு எதுர்ல.”

அவன் கை ஓங்குவான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் குழாயைக்கூட மூடவில்லை. திரும்பி மைதானத்துக்குள் நடந்தான். என் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியது. இனிப்பாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். கொடியைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். இனிமேல் அதை எடுப்பேனா என்று தெரியவில்லை.

தீபத்துக்கு வரும் வெளியூர் பஸ்களை நிறுத்தத் தடுப்பு கட்டுவதற்காக மைதானத்தில் அதற்குள் சவுக்குக் கம்பு நட ஆரம்பித்திருந்தார்கள். ராஜமாணிக்கம் பாலாஜியைக் கையில் பிடித்த பஜ்ஜியோடு இழுத்துக்கொண்டு வந்தான்.

“எங்க நின்ன? கரெக்டா காட்டு.”

“இங்கதாண்ணே.”

“இங்கயா? இல்ல இன்னும் முன்னாலயா?”

“தெர்லண்ணே. ஓடிக்கினே இருந்தேன். உடுண்ணே, முடிஞ்சி போச்சி.”

“முடியலடா. நில்லு.”

பாலாஜி ஓரடி முன்னால் வைத்தான். பிறகு பின்னால் வைத்தான். ராஜமாணிக்கம் நான் நின்ற ஓரக் கோட்டுக்கு ஓடி வந்து, முட்டியில் கை ஊன்றிக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். பேக் நின்றிருந்த இடத்தில் இப்போது ஒரு கம்பை நட்டுக்கொண்டிருந்தார்கள். அது இன்னும் நேராக நிற்கவில்லை. இரண்டு ஆட்கள் அதை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அசைத்து அசைத்து மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவன் மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை.