பதினேழாம் எண் பூட்டு

அத்தானை அடக்கம் பண்ணிவிட்டு வந்த நாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடுகிறது. காலை அடக்கினால் கை பாக்கெட்டுக்குள் போய் சாவிக்கொத்தைக் கிலுக்குகிறது. "எறும்புப் புத்து மேலயா உட்கார்ந்திருக்கீங்க?" என்று என் மனைவி கேட்டாள். எழுந்து தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தேன். அன்றைக்கு மட்டும் எட்டுத் தடவை நடந்தேன். முனையில் முடிவெட்டுகிறவர் நான் வீடு தேடி அலைகிறேன் என்று நினைத்து, பின்தெருவில் ஒரு மாடி காலியாக இருப்பதாகச் சொன்னார்.

அத்தான் என் அக்காவின் கணவர். நானும் அவரும் ஒரே சோப்பு கம்பெனியில் மெக்கானிக். எங்கள் வேலையில் மீறக்கூடாத சட்டம் ஒன்று உண்டு. ஆளுக்கு ஒரு சிவப்புப் பூட்டு, அதில் அவனவன் எண், அதற்கு ஒரே ஒரு சாவி. இயந்திரத்துக்குள் எத்தனை பேர் இறங்குகிறோமோ, மெயின் சுவிட்சில் அத்தனை பூட்டு தொங்க வேண்டும். வெளியே வந்தவன் தன் பூட்டைத் தன் கையால்தான் கழற்றுவான். ஒரு பூட்டு மிச்சம் இருந்தாலும் சுவிட்ச் அசையாது. என் எண் இருபத்திரண்டு, அத்தானுடையது பதினேழு.

அன்றைக்கு அத்தான் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தார். பூட்டு இல்லை. "வீட்லயே விட்டுட்டேன் போல மாப்ள. உன்னுது ஒண்ணு போதும், அரை மணி நேர வேலைதானே" என்றார். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன். என் ஒரு பூட்டை நம்பி இரண்டு பேர் கலவைத் தொட்டிக்குள் இறங்கினோம். உள்ளே சுற்றும் இறக்கையின் போல்டுகளை மாற்றினோம், ஏறி வந்தோம். அத்தான் கையைத் துடைத்துக்கொண்டு நின்றதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் மாடியில் இருக்கும் சுவிட்ச் அறைக்குப் போனேன்.

பூட்டைக் கழற்றுமுன் அந்த அறையின் ஜன்னல் வழியே "வெளியே வந்தாச்சா?" என்று கத்த வேண்டும். கீழேயிருந்து "வந்தாச்சு" என்று குரல் வர வேண்டும். பதினோரு வருஷமாகக் கத்தியிருக்கிறேன். அன்றைக்குக் கத்தவில்லை. இப்போதுதானே பார்த்தேன், இதற்கு வேறு தொண்டை கிழியக் கத்துவானேன் என்று நினைத்தேன். நினைத்தேனா என்றுகூடத் தெரியவில்லை. கழற்றினேன், சுவிட்சைப் போட்டேன். அந்த இடைவெளியில் அத்தான் உள்ளே விட்டுவந்த டார்ச்சை எடுக்கத் திரும்ப இறங்கியிருந்தார்.

அடக்கத்துக்கு முந்தின நாள் கம்பெனி விசாரணையில், மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். "கூப்பிட்டீங்களா?" என்று கேட்டார்கள். "ரெண்டு தடவை கூப்பிட்டேன். வந்தாச்சுன்னு குரல் கேட்டுது" என்றேன். செத்த மனுஷனின் வாயில் நான் ஒரு வார்த்தையைப் போட்டேன். அவர்கள் 'சொந்தப் பூட்டு மாட்டாதது இறந்தவரின் கவனக்குறைவு' என்று எழுதி முடித்தார்கள். என் தோளைத் தட்டி ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்தார்கள். அதையும் வெட்கமில்லாமல் குடித்தேன்.

அடக்க ஆராதனையில் பாஸ்டர் அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டார். "ஒவ்வொருத்தருடைய நாளும் நேரமும் அவர் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டாயிற்று. ஒரு நிமிஷம் முந்தாது, ஒரு நிமிஷம் பிந்தாது. நம் சகோதரர் கூப்பிட்ட சத்தத்துக்குப் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்" என்றார். சபை முழுக்க மூக்கை உறிஞ்சியது. அக்கா மட்டும் அழாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது.

அதன்பிறகு அக்கா அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். துக்கம் கேட்க வந்த ஒருத்தி, "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்" என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டாள். அவள் காபியைக் குடித்து முடிக்குமுன்பே அக்கா டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டாள். "கர்த்தர் குறிச்ச நாளு. கவனமா இருந்தா மட்டும் மாறிடுமா?" என்றாள். நல்ல விசுவாசம் என்று எல்லாரும் மெச்சினார்கள். நானும் மெச்சினேன். எனக்கென்ன, அவள் அப்படியே நம்பிக்கொண்டிருந்தால் நான் பிழைத்தேன்.

ஆனால் பிழைத்தவன் நிம்மதியாகத் தூங்க வேண்டுமே. அடுத்த செவ்வாய்க்கிழமை பாஸ்டரைப் பார்க்கப் போனேன். ஆலய அலுவலகத்தில் கிளம்பத் தயாராக இருந்தார்.

"ஐயா, நாள் குறிச்சாச்சுன்னா, நான் அன்னிக்கு சுவிட்சே போடலைன்னாலும் அத்தான் போயிருப்பாரா?"

"போயிருப்பார் தம்பி. வேற ஏதாவது வழியில."

"அப்போ கம்பெனியில எதுக்குப் பூட்டு?"

"அது நம்ம கடமை. பலன் அவர் கையில."

மேஜை மேல் அவருடைய ஹெல்மெட் இருந்தது. பக்கத்தில் ரத்த அழுத்த மாத்திரை அட்டை. "அப்போ இதெல்லாம் எதுக்குங்க ஐயா?" என்று கேட்டே விட்டேன். அவர் கோபப்படவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். "நானும் யோசிச்சிருக்கேன் தம்பி. ஆனா இழந்தவங்க முன்னாடி நிக்கும்போது, எழுதப்படாத சாவு இதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது" என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் போட்ட போர்வை எனக்குக் காலுக்கு எட்டவில்லை.

பேருந்து நிறுத்தத்தில், ஞாயிறு வகுப்பு எடுக்கும் டீச்சரம்மாவைப் பார்த்தேன். மற்ற நாட்களில் அவர் ஆஸ்பத்திரி நர்ஸ். அவரையும் விடவில்லை.

"கடவுளுக்குத் தெரிஞ்சிருக்கிறது வேற தம்பி, அவரே தள்ளிவிடுறது வேற" என்றார். "பைபிள்ல, சாகப்போறன்னு சொல்லப்பட்ட ஒரு ராஜா சுவர்ப்பக்கம் திரும்பிக்கிட்டு அழுதான். பதினஞ்சு வருஷம் கூடக் கிடைச்சுது. கல்லுல வெட்டின நாளா இருந்தா அது எப்படி?"

"அப்போ எங்க அத்தானோட மிச்ச வருஷமெல்லாம் எங்க போச்சு?"

"அது எனக்குத் தெரியாது. இயேசு காலத்துல ஒரு கோபுரம் இடிஞ்சு பதினெட்டுப் பேர் செத்தப்போ, ஏன்னு ஆண்டவரும் விளக்கம் சொல்லல." பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "எங்க வார்டுல ஒரு ஊசி போடணும்னாலும் பேரைச் சத்தமாக் கேட்டு, பதில் வந்தப்புறம்தான் போடுவோம். நல்லாத் தெரிஞ்ச ஆளா இருந்தாலும் கேட்போம். எனக்குத் தெரிஞ்ச தத்துவம் அவ்வளவுதான்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். வந்த பேருந்தில் ஏறாமல் வீடுவரை நடந்தே போனேன்.

மூன்றாவது சனிக்கிழமை காலையில் அக்கா போன் பண்ணினாள். "உன்கிட்ட இரும்பு அறுக்கிற ரம்பம் இருக்கா?" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "சும்மா வேணும். கொடுத்துட்டுப் போ, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றாள். ஒரு ஆணிகூட அடிக்கத் தெரியாதவளுக்கு ரம்பம் சும்மா வேண்டுமாம். கொண்டுபோனேன்.

கதவிலேயே கையை நீட்டினாள். பாதி ஆளாக இளைத்திருந்தாள். விடுதி ஒன்றில் துணி வெளுக்கிற வேலை அவளுக்கு. சைக்கிளில் போய்வருவாள். இரண்டு வாரமாக நடந்தே போகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"சைக்கிளுக்கு என்னாச்சு?"

"பஞ்சர்."

"ரம்பத்தை வெச்சுப் பஞ்சர் ஒட்டப்போறியா?" என்று சொல்லிக்கொண்டே அவளைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனேன். அவள் "டேய், நில்லுடா" என்று பின்னாலேயே ஓடிவந்தாள். சைக்கிள் மேல் பழைய போர்வை கிடந்தது. இழுத்தேன். இரண்டு டயரிலும் காற்று திம்மென்று இருந்தது. பின் சக்கரத்தைச் சுற்றிய சங்கிலியில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கியது. அதில் பதினேழு.

அக்கா சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"என் சைக்கிள் பூட்டு உடைஞ்சு போச்சுடா. முந்தின நாள் சாயங்காலம், அவர் பையில இது திறந்தே கிடந்துது. எடுத்து சைக்கிள்ல மாட்டி அமுக்கிட்டேன். காலையில சாவி கேட்கலாம்னு இருந்தேன். நான் எழுந்திருக்கிறதுக்குள்ள அவர் வேன் ஏறிப் போயிட்டார்." மூச்சு வாங்கினாள். "பூட்டு இருந்திருந்தா மாட்டியிருப்பாருல்ல? சொல்லு, மாட்டியிருப்பாருல்ல?"

நான் போர்வையைச் சைக்கிள் மேலேயே திரும்பப் போட்டேன்.

"ஆனா பாஸ்டர் சொன்னாரே. குறிச்ச நாளுன்னு. நான் எடுக்கலைன்னாலும் போயிருப்பார்னு அர்த்தம்தானே? ஆமான்னு சொல்லுடா. நீ சொன்னா நம்புறேன்."

ஆமா என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவளுக்கும் விடுதலை, எனக்கும் விடுதலை. கர்த்தர்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மூச்சு அழுதிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவளோ ஒரு பூட்டை அமுக்கினதற்காக மூன்று வாரமாகத் தேய்ந்துகொண்டிருந்தாள். சுவிட்சைப் போட்டவன் நான்.

"அக்கா, நான் கூப்பிடல."

"என்ன?"

"ரெண்டு தடவை கூப்பிட்டேன்னு சொன்னது பொய். ஒரு தடவைகூடக் கூப்பிடல."

"வந்தாச்சுன்னு சொன்னாரே."

"அவர் ஒண்ணும் சொல்லல. நான் கேட்கவே இல்ல."

அவள் என்னையே பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கூப்பிட்டிருந்தா உள்ளே கேட்டிருக்குமா?" என்று கேட்டாள்.

"கேட்டிருக்கும்."

"நல்லாக் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும்க்கா."

முகத்தைப் புடவையில் புதைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த அழுகை. நான் பக்கத்தில் போகவில்லை. போக எனக்கு என்ன யோக்கியதை. ரம்பத்தைக் கையில் பிடித்தபடியே நின்றேன். மூன்று வாரத்தில் முதல் தடவையாக என் கால் ஆடாமல் இருந்தது.

வெகுநேரம் கழித்து எழுந்து உள்ளே போனாள். அத்தானின் பொருள்களைப் போட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்த காகித உறையை, ஒட்டியது ஒட்டியபடியே கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். "சாவி இதுலதான் இருக்கும். எனக்குப் பிரிக்கத் தைரியம் இல்ல. அறுக்காதே, அவர் பூட்டு அது."

பிரித்தேன். கைக்கடிகாரம், கண்ணாடி உடைந்த டார்ச், சாவிக்கொத்து. சின்னச் சாவியைப் போட்டுத் திருப்பினேன், பூட்டு உடனே திறந்தது. அக்கா அதை என் கையிலிருந்து வாங்கி முந்தானையால் துடைத்தாள்.

"திங்கக்கிழமை நானும் கம்பெனிக்கு வரேன்" என்றாள். "நான் பூட்டை எடுத்ததை நான் சொல்றேன். நீ கூப்பிடாததை நீ சொல்லு. கவனக்குறைவுன்னு அவர் பேருக்கு நேரா எழுதியிருக்காங்களே, அதை முதல்ல கோடு போட்டு அடிக்கச் சொல்லு."

"என் வேலை போயிடும்க்கா. கேஸும் வரலாம்."

"வரட்டும்" என்றாள். "நாள் குறிச்சது யாருன்னு கர்த்தர்கிட்ட நான் கேட்டுக்கறேன். நீ சுவிட்ச் போட்டதை நீ சொல்லு."

சரி என்றேன். அவள் சைக்கிளை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.